தாய்மாமன் சீரும் சத்துமாவும்

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிளறி, நல்லெண்ணெயும் வெல்லமும் சேர்த்து நாள்தோறும் ஊட்டுவது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கமே ஆயினும், உளுந்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஓர் ஊர் தன் பெண்மக்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன செய்து வந்தது என்று பார்க்கப் புகும்போது அவ்வழக்கத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகவே அமைகிறது. உளுந்தூர்பேட்டையை ஒட்டிய உளுந்தாண்டார்கோயிலில் உறையும் இறைவனுக்கு மாஷபுரீஸ்வரர் என்று பெயர். மாஷம் என்பது உளுந்தைக் குறிக்கும் வடசொல். மருந்துக்காகச் சிறிது மிளகு கேட்ட முதியவரிடம், மூட்டையில் இருப்பது உளுந்து என்று வணிகன் ஒருவன் பொய் சொல்ல, மறுநாள் மூட்டைகள் அனைத்திலும் உளுந்தே இருந்தது என்கிறது தலக்கதை. மிளகு கடல் கடந்து விலைபோன சரக்கு. உளுந்தோ வயல் வரப்பிலும் நெல் தரிசிலும் விளைந்து வீட்டுப் பானையில் கிடந்த பண்டம். அந்தப் பண்டத்தைக் கொண்டுதான் வளரும் பெண்ணின் இடுப்பெலும்புக்கு வலுவூட்ட முடியும் என்று ஊர் நம்பியது. பெண்ணின் உடலைப் பேணுவது ஒரு வீட்டின் வேலை மட்டுமன்று, உறவுமுறை முழுவதற்குமான கடமை என்னும் எண்ணமும் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது.

அக்கடமை யார் யாருக்கு எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பது கவனத்திற்குரியது. பூப்பெய்திய பெண் தங்குவதற்குப் பச்சை ஓலையால் குச்சு, அதாவது சிறு குடில், கட்டித் தருவது தாய்மாமனின் பொறுப்பு. மஞ்சள் நீராட்டு நாளில் புடவையும் சீர்த்தட்டும் கொண்டுவருவதும் அவரே. மணமாகிக் கருவுற்றவளுக்கு ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் சுமங்கலிப் பெண்கள் கூடி வளையல் அடுக்கி வளைகாப்பு நடத்தினர். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. மருத்துவச்சி பேறு பார்த்தாள். பிள்ளை தூளியில் கிடக்க, நடவுக்குப் போன தாய்க்குப் பதிலாகப் பாட்டியோ மூத்த பெண்பிள்ளையோ அதை ஆட்டினாள். இன்றைய அரசு ஆவணங்களில் கர்ப்பிணி நலம், குழந்தைப் பராமரிப்பு, வளரிளம் பருவ ஊட்டம் எனத் தனித்தனித் தலைப்புகளில் காணப்படுபவை யாவும் இந்த உறவுப் பின்னலுக்குள் ஒரு காலத்தில் அடங்கியிருந்தன. ஆயினும் அப்பின்னலை மிகைப்படுத்திப் போற்றுவதற்கில்லை. குச்சு, பெண்ணைப் பேணிய இடமாகவும் இருந்தது, அவளை விலக்கி வைத்த இடமாகவும் இருந்தது. மஞ்சள் நீராட்டு, பெண் மணத்திற்குத் தயாராகிவிட்டாள் என்று ஊருக்கு அறிவித்த சடங்காதலால், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்ணின் படிப்பு பெரும்பாலும் அன்றோடு நின்றது. தாய்மாமன் இல்லாதவளுக்கும், தாய்வீடு வறியதாய் இருந்தவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும் இந்த ஏற்பாட்டில் இடம் குறைவு. தங்கை தூளியை ஆட்டிய மூத்த பெண்பிள்ளைக்கோ சிலேட்டும் பலகையும் எட்டாத பொருள்களாயின.

உறவுக்கு வெளியே, முகமறியாத பிள்ளைகளுக்காக எழுந்த முதல் ஏற்பாடுகள், உளுந்தூர்பேட்டை அடங்கியிருந்த அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் கிறித்துவ மிஷன்கள் வழியாகவே வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனிஷ் மிஷனார் மேல்பட்டாம்பாக்கம், திருக்கோவலூர் பகுதிகளில் நிலைகொண்டு பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தினர். விடுதியில் தங்கிப் படித்த பெண் வீட்டு வேலையிலிருந்து விடுபட்டாள் என்பதே இவ்விடுதிகளின் முதன்மையான பயன். ஆனால் மதமாற்றம் குறித்த ஐயத்தால் பெரும்பாலான குடும்பங்கள் அவற்றை அண்டவில்லை. மேற்கே கல்வராயன் மலையின் நிலை வேறு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர் வாழும் அம்மலை மூன்று ஜாகிர்தார்களின், அதாவது பரம்பரை உரிமையாய் நிலவரி வாங்கிய மலைத்தலைவர்களின், ஆளுகையில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசின் நிர்வாகத்திற்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அரசு அம்மலையில் நேரடியாகக் கால் வைத்தது என்னும் இச்செய்தியை மனத்தில் இருத்தினாலன்றி, உளுந்தூர்பேட்டைச் சமவெளிக்கும் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கும் இடையே பின்னாளில் காணப்படும் இடைவெளியைப் புரிந்துகொள்ள இயலாது.

1952 அக்டோபர் 2இல் இந்திய அரசு தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் ஊர்ப்புறங்களை வட்டாரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் கிராம சேவிகா என்ற பெண் ஊழியரை அமர்த்தியது. அவர் ஊர்தோறும் மாதர் சங்கம் அமைக்க வேண்டும். தையல், புகையில்லா அடுப்பு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியமும் இம்முயற்சிக்கு நிதியுதவி செய்தது. மாதர் சங்கங்களை ஒட்டி எழுந்ததுதான் பால்வாடி. குஜராத்திலும் மராட்டியத்திலும் தாராபாய் மோடக் போன்ற கல்வியாளர்கள் மாண்டிசோரி முறையை ஏழைப் பிள்ளைகளுக்கு ஏற்ப எளிமையாக்கி நடத்திய முன்பருவப் பள்ளிக்கு அப்பெயர் வழங்கியது. அங்கே பால் என்றால் குழந்தை, வாடி என்றால் தோட்டம். தமிழ்க்காது அச்சொல்லை அப்படிக் கேட்கவில்லை. கரைத்த பால்மாவைக் குவளையில் ஊற்றித் தந்த இடம் பால்வாடி என்றே ஊரார் பொருள் கொண்டனர். அரசு அதைக் குழந்தைகள் மையம் என்றும் அங்கன்வாடி என்றும் எத்தனை முறை பெயர் மாற்றி எழுதினாலும், இவ்வட்டாரத்துக் கிழவிகள் வாயில் இன்றும் அது பால்வாடியே. கல்வியென்று வந்த ஒன்றை மக்கள் உணவென்று வாங்கிக்கொண்டதில் பிழை ஏதும் இல்லை. அக்காலத்தில் அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது அதுதான்.

பள்ளிப்பிள்ளைகளின் பசியைப் பொறுத்தமட்டில், 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவு ஆகியவற்றின் வரலாறு பலரும் அறிந்தது. பள்ளிக்கு வராத சிறு பிள்ளைகளின் வயிறு அதுவரை திட்டங்களின் கணக்கில் பெரிதும் வரவில்லை. 1975 அக்டோபர் 2இல் இந்தியா முழுவதற்குமாக 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையையும் அதன் தாயையும் ஒருசேரக் கணக்கில் எடுத்தது. ஆனால் தென்னாற்காட்டு ஊர்கள் பரவலாக உணர்ந்த மாற்றம் 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தால் வந்தது. இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரையுள்ள ஊர்ப்புறக் குழந்தைகளுக்கும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் உலையேற்றப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயதுவரை உள்ளவர்களுக்கும் அது விரிந்தது.

அத்திட்டம் பற்றி எழுதியோரில் பெரும்பாலோர் உண்ட பிள்ளைகளைப் பற்றியே எழுதினர். சமைத்த பெண்களைப் பற்றி எழுதியோர் சிலரே. ஒவ்வொரு மையத்திற்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூவர் அமர்த்தப்பட்டபோது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. பழைய உறவுமுறை எவரை மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கி நிறுத்தியதோ, அந்தப் பெண்ணின் கையாலேயே ஊர்ப்பிள்ளைகள் உண்ணலாயினர். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்து, மூக்கைத் துடைத்துப் பாயில் உட்காரவைத்து, அரிசியை அளந்து போட்டு, பருப்பும் கீரையும் எண்ணெயும் எவ்வளவு செலவாயின என்று பதிவேட்டில் எழுதி, மாதம் பிறந்தால் ஒன்றிய அலுவலகத்திற்குப் பேருந்தேறிப் போய்க் கணக்குக் காட்டி வந்தவள் அவள். மதிப்பூதியம் சொற்பம், காலமுறை ஊதியம் கேட்டு இவ்வூழியர் நடத்திய போராட்டங்கள் இன்றும் ஓயவில்லை. எனினும் அந்தப் பேருந்துப் பயணம் ஊதியத்தைவிடப் பெரிய மாறுதலை உண்டாக்கியது என்றே கருதத் தோன்றுகிறது. துணையின்றி ஒன்றியத் தலைமையிடத்துக்குப் போய், மேசைக்கு எதிரே நின்று அதிகாரியிடம் பேசி, கையெழுத்திட்டுத் திரும்பும் பெண்ணை மாதந்தோறும் பார்த்து வளர்ந்த சிறுமியருக்குத் தன்னம்பிக்கை பற்றி எந்த வகுப்பும் அதற்குமுன் எடுக்கப்பட்டதில்லை. சாதி இங்கும் குறுக்கே நின்றது. தலித் பெண் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று மறித்த ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு, 2018இல்கூடத் திருப்பூர் மாவட்டத்தில் அப்படியொரு தடை செய்தியாயிற்று. அரசே நடத்தும் அடுப்பாதலால் அம்மறியலைச் சட்டத்தின்முன் நிறுத்த முடிந்தது என்பதே பழைய ஊர் அடுப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

சத்துணவுக்குச் சற்று முன்பே, 1980இல், உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் முன்னோட்டமாகத் தொடங்கியது. எல்லாக் குழந்தைகளுக்கும் எப்போதும் உணவு என்பதற்கு மாறாக, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாமல் நின்றவற்றுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துருண்டை தருவது இதன் முறை. உத்தரத்தில் கட்டிய தொங்கு தராசில் பையோடு குழந்தையை மாட்டி, முள் நிற்கும் இடத்தை அட்டையில் புள்ளியாக இட்டு, சென்ற மாதப் புள்ளியோடு கோடு இழுத்துத் தாயிடம் காட்டுவார் ஊழியர். கோடு மேலே போனால் நன்று. கிடையாகப் போனால் கவலை. எழுத்தறியாத தாயும் படிக்கக்கூடிய ஒரு வரைபடம் தமிழகக் கிராமங்களுக்கு வந்தது அனேகமாக அப்போதுதான். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற அச்சம் ஊர்ப்புறத்தில் பரவலாக இருந்ததால், இவ்வேலைக்கு வெளியூர்ப் பட்டதாரியைவிட உள்ளூர்த் தாயே தகுந்தவர் என்று திட்டம் வகுத்தோர் உணர்ந்திருந்தனர். ஏழையாயிருந்தும் தன் குழந்தையைத் திடமாக வளர்த்திருப்பவரா என்பதும் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கப்பட்டது. வறுமைக்கு நடுவிலும் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவள் ஊருக்குள்ளேயே இருக்கிறாள், அவளிடமிருந்து மற்றவர் கற்கட்டும் என்ற இக்கருத்து, அன்றைய திட்டங்களில் அரிதாகக் காணப்பட்ட அறிவு. 1990களின் தொடக்கத்தில் இத்திட்டம் இரண்டாம் கட்டமாக மேலும் பல பகுதிகளுக்கு விரிந்து, அப்பத்தாண்டின் இறுதியில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு கலந்தது. இன்று மாநிலத்திலுள்ள அங்கன்வாடி மையங்கள் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேல். புள்ளி வைத்த அட்டையின் இடத்தைப் பெரும்பாலும் கைபேசிச் செயலி பிடித்துக்கொண்டது. எடை மேலிடத்திற்கு உடனுக்குடன் போய்ச் சேர்கிறது, ஆனால் முன்பு தாயின் கண்ணெதிரே ஏறியும் நின்றும் போன அந்தக் கோடு இப்போது ஊழியரின் கையிலுள்ள சிறு திரைக்குள் இருக்கிறது.

பெற்றோருக்கு உதவுவது என்பது நெடுங்காலம் குழந்தைக்கு ஊட்டுவது என்றே பொருள்பட்டது. தாயைத் தனி மனுஷியாகக் கண்ட முதல் பெரிய ஏற்பாடு தென்னாற்காட்டில் 1991-92இல் வந்தது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1991-92இல் தென்னாற்காட்டுக்கும் சேலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது; 1997-98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பரவிய சுயஉதவிக் குழுக்களின் வேர் இதுவே. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர், வாரச் சந்தா, உள்கடன், அதாவது குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குத் தரும் கடன் ஆகிய சொற்கள் இவ்வட்டாரப் பெண்களின் அன்றாடப் பேச்சில் புகுந்தன. குழுவில் சேர்ந்தவள் முதலில் கற்றது தன் பெயரை எழுதுவதை. அதே காலத்தில் எழுத்தறிவிக்க நடந்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தது பெரும்பேச்சாயிற்று. உள்கடனில் கணிசமான பகுதி பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் போயிற்று. மகள் பூப்பெய்திய விழாவுக்கும் போயிற்று என்பதையும் மறைக்கத் தேவையில்லை. தாய்மாமன் சீருக்காக வட்டிக்காரனிடம் போன கை இப்போது குழுவிடம் நீண்டது, அவ்வளவே.

பெண்குழந்தையைப் பொறுத்தவரை அரசு உறவுமுறைக்குள் நேரடியாக நுழைந்தது 1992இல். பெண் சிசுக்கொலை செய்தியாகிய சேலம் மாவட்டத்தில் அவ்வாண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. வளர்க்க முடியாது என்று கருதும் பெற்றோர் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம், கேள்வி கேட்கப்படாது. தூளி என்பது தாயின் புடவையால் கட்டப்படுவது. அதன் இடத்தில் வரவேற்பறைத் தொட்டில் ஒன்று நின்றதே அக்காலத்தின் துயரத்தைக் காட்டப் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அண்டை மாவட்டமான கடலூரில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண்குழந்தைகள் 900க்கும் குறைவு என்று தெரியவந்ததும், அத்திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், திருவண்ணாமலை ஆகியவற்றோடு உளுந்தூர்பேட்டை அன்று அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 2015இல் நாட்டளவில் முதற்கட்டமாக 100 மாவட்டங்களில் பெண்குழந்தைகளைக் காப்போம், கற்பிப்போம் என்ற திட்டம் தொடங்கியபோது கடலூர் அப்பட்டியலில் இருந்தது. இப்பகுதிகளில் சிசுக்கொலையின் இடத்தைக் கருவிலேயே பால் அறியும் ஸ்கேன் பிடித்துக்கொண்டதால், தொட்டில் மட்டும் வைத்துத் தீர்க்கக்கூடியதாக இச்சிக்கல் இருக்கவில்லை.

உறவின் சடங்கை அரசு எடுத்து நடத்துவதன் மிகத் தெளிவான வடிவம் சமுதாய வளைகாப்பு. ஒன்றிய அளவில் திருமண மண்டபத்திலோ அலுவலகக் கூடத்திலோ கர்ப்பிணிகளை அமர்த்தி, அங்கன்வாடிப் பணியாளர்களே சந்தனம் பூசி, வளையல் அணிவித்து, தட்டில் புடவையும் பழமும் வைத்துத் தந்து, கலவை சாத வகைகளைப் பரிமாறுகின்றனர். இரும்புச்சத்து மாத்திரை பற்றியும் மருத்துவமனைப் பேறு பற்றியும் ஒரு சொற்பொழிவு இடையில் நடக்கும். வந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள் என்பது வேறு. கவனிக்க வேண்டியது இருக்கை வரிசை. தாய்வீட்டில் நடக்கும் வளைகாப்பில் ஒரே சாதிப் பெண்களே கூடுவர். இங்கே காலனியிலிருந்து வந்தவளும் ஊர்த்தெருவிலிருந்து வந்தவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரே நிற வளையலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தாய்வீட்டுச் சீர் வராத பெண்ணுக்கும் அங்கே ஒரு தட்டு உண்டு.

குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நடுவே நின்ற பருவம், அதாவது பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள வளரிளம் பருவம், திட்டங்களின் கண்ணில் கடைசியாகவே பட்டது. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணியல்புகளை எண்ணிய மரபில் அச்சமே முதலிடம் பெற்றிருக்கையில், தன்னம்பிக்கை என்பது பெண்ணுக்குக் கற்பிக்க வேண்டிய ஒன்றாக அரசுக் கோப்பில் இடம்பெறக் காலம் பிடித்ததில் வியப்பில்லை. 2000இல் கிஷோரி சக்தி, 2010இல் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கான சப்லா ஆகிய மத்தியத் திட்டங்கள் அங்கன்வாடி மையத்தையே இப்பெண்கள் கூடும் இடமாக்கின. 2012இல் தமிழகத்தின் புதுயுகம் திட்டம் ஊர்ப்புறப் பெண்களுக்கு விலையின்றி மாதவிடாய் அணையாடைகளை வழங்கத் தொடங்கியது. குச்சுக்குள் மறைத்து வைக்கப்பட்ட ஒன்று பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கும் பொருளானதை, அச்சடித்த எந்த விழிப்புணர்வுத் தாளையும்விடப் பெரிய மாற்றமாகக் கொள்ளலாம். இடைநின்ற பெண்பிள்ளைகளுக்காக 2004இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளிகள் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் பின்தங்கிய ஒன்றியங்களிலும் அமைந்தன. உளுந்தூர்பேட்டையில் பெண் துறவிகள் நடத்தும் ஸ்ரீ சாரதா ஆசிரமம் பெண்கல்வியிலும் ஊர்ப்புறப் பெண்களுக்கான பணியிலும் ஈடுபட்டிருப்பதை இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். பெண்களே தலைமை தாங்கி, நிலம் உழுவித்து, பள்ளி நடத்தும் ஒரு நிறுவனம் ஊர் எல்லையில் இருப்பது பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடமாகும்.

அரசின் மனமாற்றத்தை ஒரே திட்டத்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய உதவி, எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. திருமணச் செலவென்னும் பெற்றோரின் கவலையைப் பற்றிக்கொண்டு பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்கும் தந்திரம் அதில் இருந்தது. பின்னர்த் தகுதி பத்தாம் வகுப்பாகவும், தொகை 25,000, பட்டதாரிக்கு 50,000 எனவும் உயர்ந்து, 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் 2016இல் அது எட்டு கிராமாகவும் ஆனபோது, அரசே தாய்மாமன் ஆகிவிட்டது எனலாம். 2022இல் இத்திட்டம் புதுமைப்பெண் என்று உருமாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்வதாயிற்று. பெயர் அதே அம்மையாருடையதே. தாலி மட்டும் இல்லை. தேவதாசி முறைக்கு எதிராக வாழ்நாளெல்லாம் போராடிய அவர் பெயரில் நெடுங்காலம் திருமண உதவி வழங்கப்பட்டதிலும் ஒரு முரண் இருக்கவே செய்தது.

புதுமைப்பெண் திட்டத்துக்கு ஓராண்டுக்கு முன், 2021 அக்டோபர் 27இல், உளுந்தூர்பேட்டைக்குக் கிழக்கே விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில், பெருந்தொற்றால் பள்ளி மூடிய காலத்து இழப்பை ஈடுசெய்ய இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம் தெருத்திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர முன்வந்த தன்னார்வலரில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு மணமாகி வீட்டோடு இருந்த மருமகள்கள் அவர்களில் பலர். 1982இல் கைம்பெண்ணுக்குக் கிடைத்த பேருந்துப் பயணம் நாற்பதாண்டுகள் கழித்துப் பட்டம் பெற்ற மருமகளுக்குத் தெருமுனைவரை நீண்டது.

2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் உளுந்தூர்பேட்டையும் கல்வராயன் மலையும் ஒரே ஆட்சியரின் கீழ் வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதந்தோறும் 5,000 ரூபாய் என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. மலையிலோ பிழைப்புக்காகப் பெற்றோர் வெளிமாநிலங்களுக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் பாட்டி வீட்டிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தங்குகின்றனர்; பதினெட்டு வயதுக்கு முன் நடக்கும் திருமணங்கள், 1978இலேயே சட்டம் அந்த வயதை வகுத்திருந்தும், அங்கு முற்றாக நிற்கவில்லை. சமவெளிப் பெண் உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ காலையில் பேருந்தேறிக் கல்லூரி போய் மாலையில் வீடு திரும்புகிறாள். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்ப் பெண்ணுக்கு அதே புதுமைப்பெண் தொகை கிடைத்தாலும், அதைப் பெறுவதற்கு முன் அவள் மலையிறங்கி ஒரு விடுதியில் இடம் பிடிக்க வேண்டும். அவளை அங்கே கொண்டுபோய் விடும் வேலையை இன்றும் பெரும்பாலும் தாய்மாமனே செய்கிறார்.